பனௌதித் தீர்த்தம்

என் அக்காவுக்கு மணம் தெரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அதையும் கொண்டு போய்விட்டது. ருசி பாதி திரும்பி வந்தது. மணம் வரவே இல்லை. அதன்பிறகு திருநெல்வேலி டவுனில் அவள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் நடையிலேயே எனக்கு ஒரு பணி காத்திருக்கும்.

"ஏலே தம்பி, பால் திரிஞ்ச வாடை வருதா பாரு."

"இந்த நெய் காறிட்டா?"

நான் மோந்து பார்த்துச் சொல்வேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் எனக்கு மேலே இருப்பவர்கள் ஆளுக்கொரு மையில் திருத்துவார்கள். அக்கா வீட்டில் என் மூக்கு எழுதும் குறிப்புக்கு மேல்முறையீடே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

அக்காவுக்கு ஒரே மகன். நாற்பதை நெருங்குகிறவன். குளிர்பதன இயந்திரம் எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவான். குடியை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. வேலை போயிற்று. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் தாய்வீட்டுக்குப் போனாள். கடைசியில் அவனாகவே வந்து, "மாமா, எங்கயாவது கொண்டு சேத்துவிடுங்க" என்றான். மதுரைப் பக்கம் ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டர் அக்காவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: இனி ஒரு சொட்டு கூடாது, இருமல் மருந்தில் இருந்தாலும் கூடாது, ஒரு சொட்டுதான் பழைய வாசலைத் திறக்கும்.

அக்கா அந்தச் சமயத்தில்தான் முக்திநாத்துக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் வீட்டில் சைவம் என்பது அடுப்படியில்தான் கறார். சாமி விஷயத்தில் தாராளம். புரட்டாசிச் சனிக்கிழமை நவதிருப்பதி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஸ்ரீவைகுண்டத்து அம்மாள் ஒருத்தி, நேபாளத்தில் பனிமலைக்கு நடுவே நூற்றெட்டுத் தாரைகளில் தண்ணீர் விழுகிறதென்றும், அத்தனையிலும் தலையைக் கொடுத்து எழுந்தால் பெற்ற பிள்ளையின் வினையும் கழுவிப் போகுமென்றும் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். நாங்கள் யாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டோம். துணை நான்.

எனக்கும் நேபாளம் போக ஆசை இருந்தது. ஆனால் அது முக்திநாத் அல்ல. காத்மாண்டு பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் நேவார்கள் என்ற மக்கள் கட்டிய பழைய ஊர்கள் உண்டு. செங்கல்லும் மரமும் கொண்டு அடுக்கடுக்காகக் கூரை வைத்த கோவில்கள். பயணிகள் கூட்டம் மொய்க்கும் சதுக்கங்கள் போக, யாரும் எட்டிப் பார்க்காத ஊர்கள் இன்னும் இருப்பதாகப் படித்திருந்தேன். அந்த ஊர்களை நான் வரைபடத்தில் நடந்து நடந்து தேய்த்து வைத்திருந்தேன்.

காத்மாண்டு போய்ச் சேர்ந்ததும் செய்தி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காற்று சரியில்லை, சிறிய விமானங்கள் பறக்கவில்லை, எப்போது பறக்கும் என்று சொல்ல முடியாது. யாத்திரை நடத்துகிறவர் எல்லோரையும் விடுதியின் சாப்பாட்டு அறையில் கூட்டினார். விரும்புகிறவர்களை ஜீப்பில் கூட்டிப் போவதாகச் சொன்னார். ரோடு மோசம், முடியாதவர்கள் இங்கேயே தங்கலாம், வயதானவர்கள் வருவதானால் துணைக்கு வந்தவர் சம்மதம் சொல்ல வேண்டும்.

"நான் போறேன்லே" என்றாள் அக்கா.

"ஒனக்கு முழங்கால் இருக்குல்லா."

"முழங்கால் எல்லாருக்கும்தான் இருக்கு."

"ரோடே கிடையாதாம். ஆத்துக்குள்ள கல்லுமேல ஏறி எறங்கித்தான் ஜீப் போகுமாம். அங்கன வச்சு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"யாரு ஒன்கிட்ட கேக்கப் போறா?"

நான் யாத்திரை நடத்துகிறவர் பக்கம் திரும்பி, மருத்துவ அடிப்படையில் துணைவர் சம்மதிக்க இயலவில்லை என்று முறைப்படி சொன்னேன். மறுப்பதற்கு ஒரு காரணம் காட்டத் தெரியாதவன் அரசு ஊழியனே அல்ல. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற அந்த முகத்தோடு, விரித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை மடித்தாள்.

அந்த முழங்காலோடுதான் அவள் அதற்கு முந்தைய ஆண்டு திருக்குறுங்குடியில் மலை நம்பி கோவிலுக்கு ஏறி இறங்கியவள். நான் பாதியில் உட்கார்ந்தேன், அவள் உட்காரவில்லை. அது அந்த அறையில் எனக்கு நினைவு வராமல் இல்லை. ஜீப்புகள் போய் வர ஆகும் நாட்கள் எனக்குக் கிடைத்துவிட்டன என்ற கணக்கும் சேர்ந்தே வந்தது.

மறுநாள் கீர்த்திபூர் போனோம். ஒரு மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். சந்துகளில் செங்கல் பாவியிருந்தது. இறவாரங்களில் மக்காச்சோளக் கதிர்களைச் சடைபோல் பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். கோவில் சுவரின் மேல்மாடத்தில் பழைய போர் வாட்களை வரிசையாக ஆணியடித்திருந்தார்கள். நான் மெய்மறந்து நின்றேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தாள்.

"கோபுரம் எங்கலே?"

"இதுதான் கோபுரம்."

"ஓட்டு வீட்டு மேல ஓட்டு வீட்டத் தூக்கி வச்ச மாதிரில்லா இருக்கு."

கூரையைச் சாய்வாகத் தாங்கி நிற்கும் மரத் தாங்கிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம், அதன் காலடியில் மனிதர்கள். எந்த நூற்றாண்டு, எப்படிச் செதுக்குகிறார்கள், நிலநடுக்கத்தில் ஏன் சில தாங்கின என்றெல்லாம் விளக்கினேன். முழுதும் கேட்டாள்.

"நீ சொல்லுதது எல்லாம் கோவிலுக்கு வெளிய உள்ளதுல்லா. உள்ள இருக்கது என்ன சாமி? அதச் சொல்லு."

உள்ளே பூட்டியிருந்தது. பூசை செய்கிறவர் காலையில் வந்து போய்விட்டார். அக்கா பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் பனௌதி. பள்ளத்தாக்கைத் தாண்டி, மலைமடிப்புக்குள் இருக்கும் சிற்றூர். காத்மாண்டுக்காரரான டாக்சி ஓட்டுநரே, அங்கே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். இரண்டு ஆறுகள் கூடுகிற முனையில் ஊர் முடிகிறது. மூன்றாவதாக ஓர் ஆறு கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வதாக அவர்களுக்கு நம்பிக்கை. கூடுமிடத்தில் படித்துறை, துறையை ஒட்டிச் சிறு சிறு சன்னிதிகள், ஈரத் துணி காயும் கல் மண்டபம். அக்கா படியில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"ஏலே, இது நம்ம சீவலப்பேரிலா."

சீவலப்பேரியில்தான் எங்கள் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கூடுகிறது. இரண்டுக்கும் உயரத்திலும் குளிரிலும் எந்த ஒற்றுமையும் கிடையாது. ஆனால் அவள் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இறங்கி முகம் கழுவி, தலையில் தெளித்துக்கொண்டு வந்தாள். "முக்திநாத்துல ஓடுத தண்ணியும் இப்படித்தான் இருக்குமோ?" என்றாள். குறையாகக் கேட்கவில்லை. அதனால் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

பெரிய சிவன் கோவிலைப் பார்த்துவிட்டு ஒரு சந்துக்குள் நடந்தோம். எங்களைத் தவிர வெளியூர்க்காரர் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் கூட்டம். மேலப்பாளையத்தில் வளைகுடாவுக்குப் புறப்படுகிற வீட்டு வாசல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது: கயிறு கட்டிய பெட்டி, புதுச் சட்டையில் ஒருவன், அழுகையை வேலையாக மாற்றிக்கொண்டு அங்குமிங்கும் ஓடும் ஒரு தாய். அவளுக்கு அக்காவின் வயது இருக்கும். கறுப்புச் சேலை, சிவப்புக் கரை. மகனுக்கு நெற்றியில் செந்தூரமும் அட்சதையும் அப்பி, கையில் அவித்த முட்டையையும் கருவாட்டையும் கொடுத்து, கொக்குக் கழுத்துபோல் மூக்கு நீண்ட ஒரு பித்தளைச் செம்பிலிருந்து சின்ன மண் அகலில் எதையோ ஊற்றிக் குடிக்கவைத்தாள். தூரம் போகிறவர்களுக்கும் பிறந்தநாள் காண்கிறவர்களுக்கும் நேவார் வீடுகளில் இப்படிச் செய்வார்கள் என்று படித்திருக்கிறேன். ஊற்றுவது வீட்டில் அரிசி வைத்துக் காய்ச்சிய சாராயம். அதையும் படித்திருக்கிறேன்.

முட்டைத் தட்டு அக்காவின் கண்ணில் படாதபடி முன்னால் போய் நின்றேன். அப்போது அது அவளுடைய மனம் கோணக்கூடாது என்பதற்காகத்தான்.

அந்த அம்மாள் அக்காவைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில் மொழிக்கு வேலை இருக்கவில்லை. கையைக் காட்டிக் கூப்பிட்டாள். என்னிடம் இந்தியில் சொன்னாள்: பெரியவங்க நீங்களும் தூரம் போகிறவங்க, போகிற காரியம் நல்லபடியாக முடியட்டும், இது வீட்டில் அரிசியில் நாங்களே காய்ச்சியது. என் இந்தி தபாலில் படித்த இந்தி. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்தானையை இடக்கையில் விரித்து, அதன்மேல் வலக்கையைக் குழித்து நீட்டிவிட்டாள். பெருமாள் கோவிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற அதே கை. அந்த அம்மாள் மண் அகலோடு ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்து, அகலைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை உயர்த்திக் கையிலேயே ஊற்றினாள். அக்கா உறிஞ்சினாள். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். அவள் கண்கள் குபுக்கென்று கலங்கின.

"எம்மா, என்ன சக்தி!" என்றாள். "என்ன வாசம்லே, சொல்லு."

அந்த வாசம் எனக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. முதலில் சோறு வடித்த மணம். அதற்குப் பின்னால், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல், அக்கா மகனை நான் தூக்கி ஆட்டோவில் போட்ட நாட்களின் மணம்.

"பச்சைக் கற்பூரமும் கிராம்பும்" என்றேன்.

"அதான் சுர்ருன்னு இருக்கு. இன்னொரு சொட்டு ஊத்தச் சொல்லு."

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். சாராயம் என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே அந்த ஆற்றில் போய் விழுந்து முழுகியிருப்பாள். அந்த வீட்டு வாசலில் நடந்த நல்ல காரியம் கெட்டுப்போயிருக்கும். இவை கோப்பில் எழுதக்கூடிய காரணங்கள். எழுத முடியாதது ஒன்று உண்டு. முக்திநாத்தை நான் அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அதற்குப் பதில் அவளாகத் தேடிக்கொண்ட ஒன்று அந்தக் கையில் விழுந்திருந்தது. அதையும் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தோடு போயிருந்தால் கதை வேறு. அக்கா தன் தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துக் காலி செய்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். எனக்கும் பிள்ளை இருக்கிறான், அவனுக்கு வேண்டும் என்று சைகையால் சொன்னாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய் நிரப்பிக் கொடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மகன் நல்லபடியா போயி நல்லபடியா வருவான் தாயீ" என்று நெல்லைத் தமிழில் சொன்னாள். அவள் நேவாரியில் ஏதோ சொன்னாள். இருவரும் அழுதார்கள். மொழிபெயர்க்க நான் ஒருவன் நடுவில் நின்றேன், பொய் சொன்ன வாயை மூடிக்கொண்டு.

ஜீப்பில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அக்காவைவிட மூத்த ஒரு மாமி, பனியில் மூக்குத் தோல் உரிந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். ரோடு அவ்வளவு மோசமில்லையாம். அக்கா அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துத் தாரை தாரையாகக் கதை கேட்டாள். கடைசியில், "எனக்குக் கொடுத்து வச்சது இதுதான்" என்று குப்பியைக் காட்டினாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளைப் பொறுத்தவரை என்மேல் குற்றமே கிடையாது.

ஊருக்கு வந்ததும் குப்பி பூசை அலமாரிக்குள் போனது. திருநீறு வைத்திருக்கும் மரக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். தினமும் அதற்கு ஒரு செம்பருத்திப் பூ. கொஞ்ச நாளில் மகனும் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான், கை நடுங்கவில்லை. வீட்டில் இருப்பதைவிடத் தெருமுனை டீக்கடையில் அதிகம் இருந்தான். சாயங்காலம் நான் போகும்போதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். எனக்குச் சந்தேகம். "அக்கா, அவன் வீட்டுலயே தங்கமாட்டேங்கான். ஒரு கண்ணு வச்சுக்கோ" என்று எச்சரித்தேன். எச்சரிப்பது என் தொழில்.

தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்கிற குளிர்கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. மீனைக் குளிர வைக்கிற வேலை. அக்கா அதையும் பொறுத்துக்கொண்டாள். புறப்படும் நாள் குறித்தாயிற்று.

"அந்த அம்மா செஞ்ச மாதிரியே செய்யப்போறேன்லே" என்றாள். "வாசல்ல நிறுத்தி, துண்ணூறு பூசி, அந்தத் தீர்த்தத்த எங்கையால அவங்கையில ஊத்தி அனுப்பப்போறேன். நேர்ந்தது நிறைவேறுனாப்ல ஆச்சு."

எனக்கு டாக்டரின் குரல் கேட்டது. ஒரு சொட்டு.

"அது கெட்டுப் போயிருக்குங்க்கா. நாளாச்சுல்லா."

"தீர்த்தம் கெடுமாலே?" குப்பியை எடுத்துவந்து மூடியைத் திறந்து நீட்டினாள். "மோந்து சொல்லு."

அது கெடவில்லை. கெடக்கூடிய சாதியும் அல்ல அது. "வாடை மாறியிருக்கு" என்றேன்.

"ஒனக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்று சொல்லி மூடி, பழைய இடத்தில் வைத்தாள். என் மூக்கின் தீர்ப்பை அவள் முதல்முறையாகத் தள்ளுபடி செய்தாள். அதுவும் சாமிக்காக.

பிரதோஷத்தன்று அவள் நெல்லையப்பர் கோவிலுக்குப் போகும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்குப் போனேன். திட்டம் எளிது: குப்பியைக் கவிழ்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட வேண்டும். டவுன் குழாயில் வருவதும் தாமிரபரணிதான். தீர்த்தம் என்று சொன்னால் பாதியாவது உண்மை. ஆவணத்தை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் திருத்துவது எனக்குப் பழகாத வேலை இல்லை. குப்பியைத் திறந்து, அடுப்படியில் பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கு மேல் சாய்க்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அங்கன வையிங்க மாமா."

அக்கா மகன். டீக்கடையிலிருந்து நான் உள்ளே நுழைவதைப் பார்த்து வந்திருக்கிறான். கிட்டே வரவில்லை. அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"இது பழசாயிட்டுப்பா. அதான்…"

"அது என்னன்னு எனக்குத் தெரியும் மாமா. வந்த அன்னைக்கே தெரியும். வெளக்கேத்துன்னு அம்மா சொன்னா. கிட்டப் போனதும் மூடியத் தாண்டி வாடை வந்து நாக்கு ஊறிட்டு."

சாய்த்த குப்பியை நிமிர்த்தினேன்.

"சொல்லியிருக்கலாம்லா?"

"யாருகிட்டச் சொல்ல? அம்மா தெனமும் அதுக்குப் பூ வைக்கா. எனக்காகப் பனிமலை வரைக்கும் போயிக் கொண்டாந்தது. நீ கும்புடுதது சாராயம்னு அவகிட்டச் சொல்லச் சொல்லுதீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னும் தெரியும். அம்மைக்கு மூக்கு நீங்கதான."

"அதான் நீ வீட்டுல இருக்கமாட்டேங்கியா?"

"அது இங்கன இருக்கும்போது தனியா எப்படி இருக்க? அம்மா கோவிலுக்குப் போனான்னா நான் டீக்கடைக்குப் போயிருவேன். அவ செருப்புச் சத்தம் கேட்டாத்தான் உள்ள வருவேன்." லேசாகச் சிரித்தான். "அங்கன பாத்துட்டுத்தான் நீங்க என்மேல பிராது கொடுத்தீங்க. அம்மா சொன்னா."

நான் குப்பியை மூடினேன். "சரி, தண்ணிய மாத்தி வச்சிருவோம். அவளுக்கும் தெரியாண்டாம். ஒனக்கும் கஷ்டமில்ல."

"வேண்டாம் மாமா."

"ஏன்பா?"

"குடிய மறைக்கதுக்கு இந்த வீட்டுல நான் சொன்ன பொய்யே மலையாட்டம் கெடக்கு. திரும்பவும் ஒண்ணு மறைச்சு வச்சுட்டு, அம்மா கையால அத வாங்கிக் குடிக்கச் சொல்லுதீங்க. அவ ஊத்துனா நான் குடிக்காம இருக்க முடியாது. எது ஊத்தினாலும்." பிறகு கேட்டான்: "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"

அக்கா வந்ததும் நானே சொன்னேன். பூக்கூடையைக்கூட அவள் இறக்கி வைக்கவில்லை. விளக்கிச் சொல்லத் தெரிந்த எனக்கு அன்று மூன்று வாக்கியங்களுக்கு மேல் வரவில்லை. அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று, அன்று மிச்சத்தைத் தடவிய இடத்துக்கு. மகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"அந்த அம்மா நம்மள ஏமாத்தினாளா?"

"இல்லக்கா. என்னன்னு சொல்லித்தான் கொடுத்தா. அவங்க வழக்கத்துல அது ஆசீர்வாதம். நான்தான் மாத்திச் சொன்னேன்."

"அப்போ அவமேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள். அதை முதலில் தீர்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நல்ல மனசோடதான் ஊத்துனா. பெத்தவ கை. அது எனக்குத் தெரியும்."

மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தாள். நான் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏலே தம்பி. அந்த ஜீப்பு?"

"என்னக்கா?"

"முழங்காலுக்காகத்தான் வேண்டாம்னியா?"

என் வாழ்நாளில் விளக்கம் கேட்டு வந்த எத்தனையோ கடிதங்களுக்கு நான் பதில் தயாரித்திருக்கிறேன். இதற்கும் இருந்தது: உயரம், பிராணவாயு, ரோட்டின் நிலை, துணைவரின் பொறுப்பு.

"இல்ல" என்றேன். "எனக்கு அந்த ஊருகளப் பாக்கணும்னு இருந்துச்சு."

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எழுந்து குப்பியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். செம்பருத்தி மூட்டில் ஊற்றினாள். குப்பியைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். அதன் நாற்றம் போய்விட்டதா என்று என்னிடம் கேட்கவில்லை. மகனிடம் நீட்டினாள், அவன் மோந்து பார்த்து, "போயிட்டும்மா" என்றான்.

அவன் புறப்பட்ட காலையில் நானும் போயிருந்தேன். வாசலில் நிறுத்தித் திருநீறு பூசினாள். செம்பில் குழாய்த் தண்ணீர். அவன் கையைக் குழித்து நீட்டினான். அந்தப் பனௌதி அம்மாள் செய்ததுபோலவே செம்பை உயர்த்தி ஊற்றினாள். அவன் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டான். நானும் அனிச்சையாகக் கையை நீட்டினேன். செம்பு காலியாகியிருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கிறது.

பஸ் ஏற்றிவிட்டு வந்து நடையில் உட்கார்ந்தோம்.

"அவனுக்கு லீவு கெடைக்கையில நானும் அவனும் முக்திநாத்துக்குப் போறோம்" என்றாள். "ஜீப்புலதான். நேபாளத்துக்கு என்ன கார்டு வேணும்?"

"வாக்காளர் அட்டை போதும். அசல் வேணும். நகல எடுத்துட்டுப் போயிராத."

"சரி. நீ வராண்டாம்."

நடைமுறை கேட்டாள், நடைமுறை சொன்னேன். எங்களுக்குள் இப்போது அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் அவள் வீட்டில் இருந்தேன். அடுப்படியிலிருந்து பால் அடிபிடிக்கிற வாடை வந்தது. அக்கா எதிரில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"அக்கா, பால் தீயுது" என்றேன்.

அவள் நிதானமாக எழுந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும், பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சரைக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, பைய ஒரு எட்டு இங்கன வந்துட்டுப் போங்க. பால் தீயுதான்னு மோந்து பாத்துச் சொல்லணும்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு வந்து, வாசல் தாண்டி, நடை தாண்டி, என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லி, அடுப்படி நிலையில் நின்று மோந்து பார்த்தார்கள்.

"ஆமாக்கா, நல்லாவே தீஞ்சுட்டு" என்றார்கள்.

அதன்பிறகுதான் அக்கா போய் அடுப்பை அணைத்தாள்.